குறுக்கே வந்த நாய்

போலீஸ்காரர் வார்டுக்குள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்த அக்கா, "நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடு குட்டி" என்றாள்.

வலிக்குப் போட்ட ஊசியில் குட்டியின் நாக்கு தடித்துக் கிடந்தது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை துணி சுற்றிய வலது கை, யாரோ அவள் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. அக்காவுக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு மட்டும். அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி வியர்வையில் ஓரம் கிளம்பியிருந்தது.

"என்ன நாய்?" என்றாள் குட்டி.

"ஏதோ ஒரு நாய். நான் போன்ல பேசிட்டிருந்தேன்னு எழுதிட்டாங்கன்னா கேஸ் ஆயிடும். லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க. ட்ரைவிங் ஸ்கூல் நடத்தறவ மேலயே கேஸ்னா அப்புறம் ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "உனக்கு ஒரு கவலையும் வேண்டாம்டி. ஃபுல் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கேன். வண்டி, ஆஸ்பத்திரி, உன் கை, எல்லாத்தையும் அவன் பாத்துப்பான்."

போலீஸ்காரர் நின்றபடியே கேட்டார். குட்டி சொன்னாள். என்ன நிறம் என்று அவர் கேட்டபோது ஒரு நொடி தடுமாறி, பழுப்பு என்றாள். "ஆமா சார், பழுப்பு" என்று அக்கா பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டாள். நாய்க்கு அடிபட்டதா என்று அவர் கேட்கவில்லை.

நாற்பதை நெருங்கும் வயதிலும் அவள் குட்டிதான். அக்கா வைத்த பெயர். அம்மா போனபிறகு தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், பரீட்சையில் கோட்டை விட்டவளைப் பல் கட்டும் தொழில் படிக்க அனுப்பியதும் அக்காதான். அந்தப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்காகவே அக்கா முதன்முதலில் வாடகைக் கார் ஓட்டப் போனாள். பொம்பளை ஓட்டுகிற வண்டியா என்று ஏற வந்தவர்கள் இறங்கிப் போன காலம். அதிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்து, பெண்களுக்கென்று ஒரு டிரைவிங் ஸ்கூலைத் தொடங்கி, பிறகு ஆண்களும் வரிசையில் நிற்கும்படி அதை நடத்திக் காட்டியவள். அப்படிப்பட்டவள் காதோரம் குனிந்து கெஞ்சும்போது, நாய் என்றால் நாய், யானை என்றால் யானை. குட்டிக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

உண்மையில் அந்தச் சாலையில் எதுவுமே குறுக்கே வரவில்லை. அக்காவிடம் புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெண், ஏதோ ஒரு பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுபோய், பின்னால் வரிசையாக ஹாரன் அடிக்க, அழுதுகொண்டே போன் செய்தாள். அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டு, "முதல்ல ஹேண்ட் பிரேக் போடும்மா. பயப்படாதே. இப்ப க்ளட்ச்ச பாதி விடு, வண்டி லேசா துடிக்கும் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன் நழுவியது. அதைப் பிடிக்கக் குனிந்தாள். கார் இடப்பக்கமாக ஒதுங்கி, கிடங்குச் சுவரை ஒட்டிய விளக்குக் கம்பத்தை நோக்கிப் போனது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த குட்டி அனிச்சையாக வலது உள்ளங்கையை எதிரே ஊன்றினாள். எல்லாம் ஓய்ந்த பிறகும், காலடியில் கிடந்த போனிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "மேடம், வண்டி எடுத்துட்டேன் மேடம்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அக்காதான் கதை சொன்னாள். நாய் நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலில் வெறும் பழுப்பாக இருந்ததற்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு வந்தது. பிறகு லேசாக நொண்டியது. சித்தப்பா வந்தபோது அது குட்டி போட்ட நாய், பாவம் எதையோ தேடி ஓடிவந்தது என்றாகிவிட்டது. "வாயில்லா ஜீவன், அதை எப்படி ஏத்த மனசு வரும்" என்று அக்கா சொல்ல, சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குட்டி சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள். அடுத்த அறையில் அவள் கணவர் மட்டும் அந்த நாயைத் தினமும் வைதுகொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் அவர். எந்த விபத்துக்கும் ஒரு தேய்ந்த கம்பியோ தளர்ந்த திருகோ காரணமாக இருந்தாக வேண்டும் என்று நம்புகிறவர். காரணம் நான்கு காலில் ஓடிப்போய்விட்டதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று குட்டி இரண்டு முறை நினைத்தாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி என்று விட்டுவிட்டாள்.

கார்தான் முதலில் குணமாகி வந்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கத்தைக் கழற்றிப் புதுசாகப் போட்டார்கள். இடப்பக்கக் கதவை மாற்றி, கண்ணாடி மாற்றி, பெயின்ட் அடித்தார்கள். அக்கா அதை ஓட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தாள். குட்டி கைக்கட்டோடு வெளியே வந்து பார்த்தாள். உள்ளேயிருந்து புதுப் பெயின்ட் வாசனை வந்தது. "எங்க இடிச்சதுன்னே தெரியல பாத்தியா" என்று அக்கா கதவைத் தடவினாள். "சொன்னேன்ல, ஃபுல் இன்ஷூரன்ஸ். ஒரு பைசா கைய விட்டுப் போகல." அன்று குட்டிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கார் வந்துவிட்டது, அடுத்து கை வந்துவிடும் என்பது போல.

கை வரவில்லை. மணிக்கட்டுக்குள் தகடு வைத்துத் திருகு போட்டிருந்தார்கள். கட்டுப் பிரித்தபோது உள்ளிருந்து வெளுத்து மெலிந்த ஒன்று வந்தது. தினமும் வெந்நீரில் முக்கி, பந்தைப் பிசைந்து, சுவரில் விரல்களை நடக்கவிட்டாள். வீட்டு வேலைக்கு ஒருவாறு தேறியது. டம்ளர் பிடிக்கலாம், கதவு திறக்கலாம். ஆனால் அவளுடைய வேலை டம்ளர் பிடிப்பது இல்லை. அந்தக் கை செய்துவந்ததெல்லாம் அரிசி அளவுக்குள் நடக்கிற காரியம். டாக்டர்கள் அனுப்புகிற அச்சின்மேல் மெழுகை உருக்கி வைத்து, சூடான கத்தியால் ஒரு பல்லைச் செதுக்கி எடுப்பாள். கடைவாய்ப் பல்லில் மேடும் பள்ளமும் ஒரு சின்ன மலைநாடு போல இருக்கும். ஒரு பள்ளம் மயிரிழை கூடினால், கட்டிக்கொண்டவர் ஆயுள் முழுக்க ஒரு பக்கமாகவே மெல்லுவார். குட்டி செதுக்கியதைத் திருப்பி அனுப்பியதாக எந்த டாக்டரும் கிடையாது.

பல் லேபுக்குத் திரும்பிய முதல் நாள் எல்லோரும் எழுந்து வந்து விசாரித்தார்கள். அவளுடைய மேசையை யாரும் எடுத்துக்கொள்ளாமல் வைத்திருந்தார்கள். விளக்கை இழுத்துவிட்டுக்கொண்டு, கத்தியைச் சுடரில் காட்டி, மெழுகில் வைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நின்றன. மணிக்கட்டு திரும்ப மறுத்தது. அதைத் திருப்ப முழங்கையைத் தூக்க, கத்தி பல்லின் தோளைச் சீவிக்கொண்டு போனது. வேறொரு அச்சை எடுத்தாள். மதியத்துக்குள் மேசையில் மூளிப் பற்களாகக் குவிந்தன. லேப் முதலாளி பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. "கை பழகட்டும்மா. அதுவரைக்கும் பார்சல் பிரிச்சு அடுக்கற வேலை பாருங்க" என்றார். கொஞ்ச நாள் கழித்து, "டாக்டர்ங்க அவசரப்படுத்தறாங்க. அந்த மேசைக்கு ஆள் போட்டாகணும்" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அதன் பிறகுதான் குட்டியும் கணவரும் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போனார்கள். அக்காவையும் கூப்பிட்டாள். "எனக்கு டெஸ்ட்டுக்கு ஆள் கூட்டிட்டுப் போகணும்டி. நீங்க போங்க, அதெல்லாம் குடுப்பான்" என்றாள் அக்கா.

க்ளைம் பார்க்கிறவர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், ஆனால் முன்தலை வழுக்கை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மேசையில் இருந்த ஸ்டேப்ளரை நகர்த்தி நடுவில் வைத்தார்.

"இது வண்டின்னு வச்சுக்குங்க. வண்டிக்கு டேமேஜ்னா, யார் தப்புங்கறதை நாங்க பெருசா பாக்கறதில்ல. ஓட்டினவங்களே போய் இடிச்சிருந்தாலும் ரிப்பேர் பண்ணிக் குடுத்துடுவோம். அதைக் குடுத்தாச்சு." ஸ்டேப்ளரின்மேல் ஒரு குண்டூசியை வைத்தார். "இது நீங்க. உள்ள உக்காந்திருந்தவங்க. உங்களுக்கு அடிபட்டதுக்கு நீங்க ஓட்டினவங்களைத்தான் கேக்கணும். உங்க தப்பால என் கை போச்சு, பதில் சொல்லுன்னு. அவங்க சார்பா நாங்க பணம் கட்டுவோம். அதுக்குத்தான் பாலிசி."

"அப்படின்னா கேக்கறோம்" என்றார் கணவர்.

"கேக்கணும்னா ஓட்டினவங்க மேல தப்பு இருக்கணுமேங்க. இங்க நாய் குறுக்க வந்திருக்கு. மேடமே போலீஸ்ல சொல்லியிருக்காங்க. ஓட்டினவங்க ஒழுங்காத்தான் ஓட்டியிருக்காங்க." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நாய் மேல எப்படிங்க கேஸ் போடறது?"

"ஃபுல் இன்ஷூரன்ஸ்னு சொன்னாங்களே" என்றாள் குட்டி.

"யார் தப்பா இருந்தாலும் உள்ள இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் கிடைக்கற மாதிரி ஒண்ணு இருக்குங்க. அதைத் தனியாக் கேட்டுச் சேத்துக்கணும். இதுல சேக்கல."

"அப்போ டிரைவர் மேல தப்பு இருந்திருந்தா இவளுக்குக் கிடைச்சிருக்குமா?" என்று கணவர் கேட்டார். எதையும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம்தான். குட்டி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். ஏன் மிதிக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"நிச்சயமாங்க. கை வேலை செய்யறவங்க, வருமானம் போயிடுச்சு. நல்லாவே கிடைச்சிருக்கும்."

அன்று மாலை அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவள் குதித்தாள். "கட்டறப்போ இனிக்கப் பேசுவானுங்க, கேக்கப் போனா சட்டம் பேசுவானுங்க. எனக்கு எப்படிடி தெரியும் இதெல்லாம்? அந்த ஏஜென்ட் எல்லாம் இருக்குன்னுதானே சொன்னான்" என்றாள். அவனைப் போனில் கூப்பிட்டுக் கிழிக்கப் போகிறேன் என்று சொல்லி, போனைத் தேடினாள், பிறகு வேறு பேச்சில் மறந்துவிட்டாள். குட்டிக்கு அக்காவைத் தேற்ற வேண்டியிருந்தது. "விடுக்கா. உனக்குத் தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டியா" என்றாள். அக்கா அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். "ஸ்கூலுக்கு வந்துடு. ரிசப்ஷன்ல உக்காரு. என் தங்கச்சி இன்னொருத்தன்கிட்ட போய் நிக்கணுமா" என்றாள். அந்த வார்த்தையில் குட்டிக்குக் கண் நிறைந்தது.

இப்படித்தான் அவள் ட்ரைவிங் ஸ்கூலின் முன்னறையில் உட்கார்ந்தாள். போனை எடுக்க வேண்டும், யாருக்கு எந்த நேரம் வண்டி என்று சொல்ல வேண்டும், சாவிகளைக் கொக்கியில் மாட்ட வேண்டும். சாவி மாட்டுவது மட்டும் இடது கையில். வருகிறவர்களிடமெல்லாம் அக்கா அவளைத் தோளோடு அணைத்துக் காட்டி, "என் தங்கச்சி, பாவம், ஆக்ஸிடென்ட்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கனிவு இருக்கும். அந்தப் பாவத்தில் ஏதோ நெருடியது. ஆனால் சோறு போடுகிற இடத்தில் நெருடலைப் பெரிதுபடுத்தலாமா என்று குட்டி இருந்துவிட்டாள்.

புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு அக்கா பின்னறையில் பாடம் எடுப்பாள். இரண்டு அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். சாலைக் குறிகள், சிக்னல், டயரில் காற்று என்று போய்க்கொண்டிருக்கும் குரலைக் குட்டி கேட்டும் கேட்காமலும் இருப்பாள். அன்று வாசலில் மழை தூறிக்கொண்டிருந்ததால் யாரும் வரவில்லை. போனும் அடிக்கவில்லை.

"இன்னிக்கு இன்ஷூரன்ஸ்" என்றது அக்காவின் குரல். "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. ஃபுல் இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அது நாமளா வச்ச பேரு. ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டாலும் விரல் வெளியதாங்க இருக்கும்." உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அக்கா காத்திருந்தாள். எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி, எங்கே சிரிப்பார்கள், எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று தெரிந்த ஒருத்தியின் காத்திருப்பு அது.

குட்டி கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தாள்.

அக்கா தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனாள். வண்டிக்கு எது, ரோட்டில் போகிறவனுக்கு எது, ஓட்டுகிறவனுக்கு எது. அந்த வழுக்கைக்காரர் ஸ்டேப்ளரை வைத்துச் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். யாரோ ஒரு பெண் கேட்டாள். "மேடம், நாம கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறோம், அவங்களுக்கு அடிபட்டா?"

"நல்ல கேள்வி. எல்லா பேட்ச்லயும் ஒருத்தர் கேப்பாங்க. நம்ம தப்புல அடிபட்டிருந்தா அவங்க நம்ம மேல கேக்கலாம், கம்பெனி குடுக்கும். சொந்தக்காரங்களாச்சே, எப்படி கேஸ் போடறதுன்னு நெனைக்காதீங்க. நம்ம பையிலிருந்து போகப்போறதில்ல. ஆனா நம்ம தப்பு இல்லாம, திடீர்னு ஒரு மாடோ நாயோ…"

குரல் நின்றது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"மாடோ நாயோ வந்துச்சுன்னா, மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன். பார்க்கிங் எடுத்துக்குவோம்" என்றாள் அக்கா.

பாடம் முடிந்து ஒவ்வொருவராகக் குடை விரித்துக்கொண்டு போனார்கள். அக்கா கடைசியாக வெளியே வந்தாள். விரலில் ஒட்டியிருந்த மார்க்கர் மையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி, "மழை விடற மாதிரி தெரியல" என்றாள்.

"எத்தனை வருஷமாக்கா இந்தப் பாடம் எடுக்கறே?"

"எந்தப் பாடம்?"

குட்டி பலகைத் தடுப்பைப் பார்த்தாள். அக்கா எதிரிலிருந்த நாற்காலியில், பதிவு செய்ய வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில், உட்கார்ந்தாள். "ஸ்கூல் ஆரம்பிச்சதிலிருந்து" என்றாள்.

"அப்போ ஆஸ்பத்திரியில உனக்குத் தெரியும்."

"அந்த நேரத்துல எனக்கு எதுவுமே தோணலடி. உன் கையைப் பாத்ததும் மூளையே வேலை செய்யல."

"நாய் தோணிச்சே."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வகிட்டில் நரை தெரிந்தது. குட்டிக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதைப் பார்த்தால் தன் கோபம் கரைந்துவிடும் என்று தெரிந்து, கொக்கியில் தொங்கிய சாவிகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னிக்குப் பயத்துல சொன்னே. சரி. கை திரும்பலைன்னு தெரிஞ்சப்புறம்? இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து வந்து உன் முன்னாடி நின்னேனே. எனக்கு எப்படி தெரியும்னு குதிச்சே. நான் உன்னைத் தேத்தினேன்க்கா."

"வேற என்னடி பண்ணச் சொல்றே?" அக்காவின் குரல் உடைந்து, உடனே கெட்டிப்பட்டது. "நான் உள்ள போனா நீ என்ன ஆவே? இந்த ஸ்கூல் இருந்தாத்தான் உனக்கும் சோறு. நான் நின்னாத்தான் உன்னை நிக்க வைக்க முடியும். கம்பெனிக்காரன் குடுத்தா ஒரு தடவை குடுப்பான். நான் சாகற வரைக்கும் பாத்துப்பேன். உன்னைப் பாத்துக்க மாட்டேனா நான்?"

"பாத்துப்பே" என்றாள் குட்டி. "நான்தான் உன் முகத்தைப் பாத்துட்டே இருக்கணும்."

அக்கா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கம்போல வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்காகக் காரை வாசலுக்குக் கொண்டுவந்தாள். குட்டி அதைத் தாண்டி மழையில் நடந்து போனாள். கொஞ்ச தூரம் கார் அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பிறகு நின்றுவிட்டது.

நனைந்து வந்தவளுக்குக் கணவர் துண்டை எடுத்துக் கொடுத்தார். தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். போன் நழுவியது, குனிந்தது, கம்பம், காதோரம் அக்கா சொன்னது, இன்றைய பாடம். முடித்ததும், அக்காவைத் திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தாள்.

"நான் இத்தனை நாளா அந்த நாயைத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். "அந்தப் பக்கம் வேலைக்குப் போறப்பெல்லாம் வண்டியை நிறுத்தித் தேடியிருக்கேன், தெரியுமா? ஒரு பழுப்பு நாயைக் கல்லால அடிச்சேன் ஒரு நாள். நான் திட்டறதை நீ சும்மா பாத்துக்கிட்டே இருந்தே."

அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார். இரண்டு பேருக்கும்தான் டீ போட்டார். ஆனால் அவளுடைய டம்ளரைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அக்காவின் ரகசியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே ஒருவரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அக்கா தனக்குச் செய்ததன் சின்னத் துண்டு ஒன்றை அவள் இவருக்குச் செய்திருக்கிறாள். அந்த நினைப்பு அக்காவின்மேல் இருந்த கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

ஸ்டேஷனுக்கு அவள் தனியாகத்தான் போனாள். கணவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றாள். வார்டுக்கு வந்த அதே போலீஸ்காரர்தான் இருந்தார். நாற்காலியைக் காட்டினார். அவள் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் சலிப்பு மெதுவாக ஏறியது.

"அன்னிக்கு நாய்ன்னீங்க. இன்னிக்கு போன்ங்கறீங்க. நாளைக்கு என்ன வரும்?"

"நாளைக்கும் இதுதான் சார் வரும்."

"பணம் கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் ஞாபகம் வந்துச்சாக்கும்." கெட்ட எண்ணத்தோடு சொன்னமாதிரித் தெரியவில்லை. இப்படி நிறையப் பேரைப் பார்த்திருந்த அலுப்பு. "எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. நான் மட்டுமில்ல. கம்பெனி வக்கீலும் இதையேதான் கேப்பான். இத்தனை மாசம் ஏன் சும்மா இருந்தீங்கன்னு."

குட்டியிடம் அதற்குப் பதில் இல்லாமல் இல்லை. அது ஸ்டேஷனில் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. அவள் சொன்ன பொய் கேட்டவுடனேயே எல்லோருக்கும் பொருந்திப்போயிற்று. சித்தப்பா அழக்கூட அழுதார். உண்மையைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

"அக்கா அந்த நேரத்துல பேசினாங்களான்னு போன் கம்பெனியில கேட்டுப் பாருங்க சார்."

"கேக்கலாம். அக்கா லைசென்ஸ் போகும், தெரியும்ல? பொய்ச் சாட்சி சொன்னதுன்னு உங்களையும் இழுப்பாங்க."

"தெரியும் சார்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேசைமேல் அவள் வைத்திருந்த வலது கையையும் பார்த்தார். அது பாதி திரும்பிய நிலையில், எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல் இருந்தது. "ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கிறேன். பெரிய அதிகாரி முன்னால வச்சு. அதுக்குள்ள வீட்டுல பேசிக்கிட்டாலும் சரி" என்றார்.

வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா போன் செய்யவில்லை. குட்டியும் ஸ்கூலுக்குப் போகவில்லை. சித்தப்பா மட்டும் ஒரு நாள் வந்து, உனக்கு அம்மா மாதிரி இருந்தவள், அவள் வாழ்க்கையை அழித்துத்தான் நீ வாழ வேண்டுமா என்று கேட்டார். அக்கா எதைச் சொன்னாள், எதைச் சொல்லாமல் விட்டாள் என்று தெரியாததால் குட்டி பதில் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததையே அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு கிளம்பினார். கணவர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, "நீ சொல்றதுதான் உண்மைன்னு அவர்கிட்ட சொன்னேன்" என்றார். அவர் நேராக அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது பல நாள் கழித்து அன்றுதான்.

விசாரணை நாளில் குட்டி முதலில் வந்துவிட்டாள். பெரிய அதிகாரியின் அறைக்கு வெளியே நடைபாதையில் ஒரு நீள பெஞ்சு போட்டிருந்தது. எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது, கீழே யார் யாரோ வரிசையாகச் செருப்புகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். பஸ்ஸில் வந்திருக்க வேண்டும், புடவை கசங்கியிருந்தது. குட்டியைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பெஞ்சில் வேறு இடம் இருந்தும், பழக்கத்தில் அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடமில்லை. இரண்டு பேரும் உரிந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்டியா?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே.

"ம்."

யாரோ ஒருவர் பெரிய குரலில் உள்ளே எதற்கோ சத்தியம் செய்துகொண்டிருந்தார். வெளியே ஜீப் ஒன்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயன்றார்கள். அது இருமி இருமி அடங்கியது. அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கக் குட்டிக்கு வாய்வரை வந்தது. நாயைத்தான் சொல்லப்போகிறாளா. சின்ன வயதில் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும், பள்ளிக்கூட ஆபீஸ் வாசல்களிலும், இதேபோல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், எது வந்தாலும் அக்கா உள்ளே போய்ப் பேசி முடித்துவிட்டு வந்துவிடுவாள் என்றிருக்கும். இப்போதும் உடம்பு அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்தது. குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. போலீஸ்காரர் தலையை நீட்டி, "பெரியவங்க முதல்ல வாங்க" என்றார்.

அக்கா எழுந்தாள். புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே, எங்கே போனாலும் செய்வதுபோல, "இதை வச்சிரு" என்று குட்டியின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

பை கனமாக இருந்தது. வார் இன்னும் அக்காவின் தோள் சூட்டில் இருந்தது. மடியிலிருந்து அது சரியப் பார்க்க, குட்டி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் தொடங்கியது, தணிந்து, நிதானமாக. வார்த்தைகள் பிடிபடவில்லை.